ஜெல்லைக் குப்பையில் போடாதீர்கள், டீச்சர்

சிங்கப்பூரில் உயிரியல் ஆசிரியர்களுக்கு நாங்கள் நடத்தும் இந்த ஜூன் விடுமுறை ஆய்வுக்கூடப் பயிலரங்கிலும் அதே கதைதான். தொடக்கக் கல்லூரியில் பல வருடமாக உயிரியல் சொல்லித்தரும் ஒரு டீச்சர், ஜெல் தட்டைத் தலைமாற்றி வைத்துவிட்டார். (மின்சாரத்தைச் செலுத்தி டி.என்.ஏ. துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்க உதவும் ஜெல்லி போன்ற பொருள்தான் ஜெல்.) மின்சாரத்தைப் போட்ட கால் மணி நேரத்தில் மாதிரியோடு கலந்த நீலச் சாயம், அதை இட்ட குழிகளிலிருந்து பின்பக்கமாக நகர்ந்து கரைசலில் கலந்துவிட்டது. டி.என்.ஏ. நேர்மின்முனைக்குப் போகும் என்று எத்தனை விடைத்தாள்களில் சரி போட்டிருப்பார்! யாரும் பார்ப்பதற்குள் ஜெல்லை எடுத்துக் குப்பையில் போட்டார். (சாயமேற்றிய ஜெல் சாதாரணக் குப்பைக்கே போகக் கூடாது, அது வேறு விஷயம்.) அப்புறம் என்னிடம் வந்து, "சார், நல்லா வந்த ரிசல்ட் படம் இருந்தா அனுப்புங்க, பிள்ளைங்களுக்கு அதைக் காட்டிக்கிறேன்" என்றார்.

மனசு கேட்கவில்லை.

ஜெல்லில் டி.என்.ஏ. கோடாகத் தெரிவதைத்தான் பட்டை என்கிறோம். பட்டை தெரியாவிட்டால் சோதனை வீண் என்று யார் சொன்னது? புவன விஸ்தாவில், பயோபொலிஸ் பக்கத்து ஆய்வுக்கூடங்களில் வேலை செய்கிற யாரையும் கேளுங்கள். பாதி நாள் வெறும் ஜெல்லைப் பார்த்து யோசிப்பதில்தான் போகிறது. வெறும் ஜெல்லும் பேசும். ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும், நீளம் தெரிந்த அளவுகோல் டி.என்.ஏ.வின் பட்டைகள் தெரிந்து மாதிரி மட்டும் தெரியவில்லையா? டி.என்.ஏ.வைப் பல மடங்கு பெருக்கும் பி.சி.ஆர். கட்டத்தில் காரணத்தைத் தேடுங்கள். அளவுகோலே தெரியவில்லையா? சாயத்தையோ மின் இணைப்பையோ பாருங்கள். ஒப்பீட்டுக்காக டி.என்.ஏ. சேர்க்காமல் விட்ட குழாயின் மாதிரியில் பட்டை வந்திருக்கிறதா? எங்கோ மாசு கலந்திருக்கிறது, மற்ற பட்டைகளையும் நம்ப முடியாது. ஆராய்ச்சி என்று நாங்கள் சொல்வது இந்தத் தேடலைத்தான். அதை மறைத்துவிட்டு அழகான படத்தைக் காட்டினால், பிள்ளைகள் விடையைத்தான் மனப்பாடம் செய்வார்கள்.

துளியளவு திரவத்தை அளந்து உறிஞ்சும் பைப்பெட்டும் அப்படித்தான். உறிஞ்சும்போது மேலே உள்ள பொத்தானை முதல் தடுப்புவரைதான் அழுத்த வேண்டும். இரண்டாவது தடுப்பு, எஞ்சியதை வெளியே தள்ளுவதற்கு. இதைக் காணொளியில் பத்து முறை பார்த்தவர்கள்கூட முதல் நாள் இரண்டாவதுவரை அழுத்தி அதிகமாக உறிஞ்சிவிடுகிறார்கள். பள்ளிக்குப் போனதும் வண்ணத் தண்ணீரை வைத்துப் பழகுங்கள். 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் தராசில் 0.1 கிராம் காட்ட வேண்டும். காட்டும்வரை விடாதீர்கள்.

கல்வி அமைச்சு ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 100 மணி நேரம்வரை பயிற்சிக்கு வாய்ப்புத் தருகிறது. வெளி நிறுவனங்களில் சில வாரம் இருந்து பழகவும் வழி இருக்கிறது. அதில் கொஞ்சத்தையாவது ஆய்வு மேசைமுன் நின்று செலவழியுங்கள். ஆய்வுக்கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் குழுப்படம் எடுத்துக்கொண்டு கிளம்புவது பயிற்சி ஆகாது. பள்ளி நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அரை நாளில் ஜெல், பி.சி.ஆர்., மரபணு மாற்றம் எல்லாவற்றையும் முடித்துத் தரச் சொல்லாதீர்கள். இரண்டு நாள் விடுங்கள். முதல் நாள் பிழையாகட்டும், மறுநாள் அவர்களே காரணத்தைக் கண்டுபிடிக்கட்டும்.

அடுத்த முறை வருகிறவர்கள், உங்கள் பள்ளியில் சரியாக வராத ஒரு ஜெல்லின் படத்தைக் கொண்டுவாருங்கள். அதை வைத்தே ஆரம்பிப்போம்.