முழங்கால் வலிக்கிறது என்கிற பிள்ளைக்கு இடுப்பையும் பாருங்கள்

ஆறு வயதுப் பையன். இரண்டு மாதமாக முழங்கால் வலி, காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறான். முழங்காலுக்கு இரண்டு எக்ஸ்ரே எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். படுக்கவைத்து இடுப்பை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தால் பாதியிலேயே நின்றுவிடுகிறது, காலை விரிக்கவும் முடியவில்லை. இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்தோம்: பெர்தீஸ் நோய். இடுப்பு மூட்டின் வலி முழங்காலில் தெரிவது சகஜம், பல குழந்தைகளுக்கு மாதங்கள் வீணாவது இதனால்தான்.

இந்த நோயில் தொடை எலும்பின் உருண்டைத் தலைக்குப் போகும் ரத்தம் தடைப்பட்டு எலும்பு செத்துப்போகிறது. பிறகு உடம்பே அதைக் கரைத்துப் புது எலும்பு வைக்கிறது, இதற்குச் சில வருடங்கள் ஆகும். பெரும்பாலும் 4 முதல் 8 வயதுக்குள், பெண் குழந்தைகளைவிடப் பையன்களுக்கு நாலைந்து மடங்கு அதிகமாக வருகிறது. ஆறும்போது தலை உருண்டையாகவே இருக்குமா, நசுங்கிவிடுமா என்பதுதான் எங்கள் கவலையெல்லாம்.

அதைக் கணிக்க ஹெர்ரிங் வகைப்பாட்டை அதிகம் பயன்படுத்துகிறோம். நேராக எடுத்த எக்ஸ்ரேயில் தலையை மூன்று தூண்களாகப் பிரித்து, வெளிப்பக்கத் தூணின் உயரத்தைப் பார்ப்போம். உயரம் குறையாவிட்டால் ஏ, பாதிக்கு மேல் மிஞ்சினால் பி, பாதிக்கும் கீழே இறங்கினால் சி. பி-க்கும் சி-க்கும் நடுவில் இருப்பவர்களுக்கு ஓர் எல்லைப் பிரிவு பின்னால் சேர்க்கப்பட்டது. ஏ என்றால் பெரும்பாலும் நன்றாக ஆறும். பி-யில் வயதுதான் முக்கியம்: 8 வயதுக்குமுன் தொடங்கியிருந்தால் பலருக்கு அறுவை இல்லாமலே நல்லபடியாக ஆறுகிறது, அதற்குமேல் என்றால் அறுவை செய்தவர்களுக்குப் பலன் கூடுதல். சி எந்த வயதிலும் கஷ்டம்தான்.

"எந்த கிரேடு டாக்டர்?" என்று பெற்றோர் முதல் நாளே கேட்கிறார்கள். எலும்பு துண்டு துண்டாக உடையும் கட்டத்தில்தான் இதை நம்பிச் சொல்ல முடியும், அதற்குப் பல மாதங்கள் ஆகலாம். இன்று ஏ போலத் தெரிவது நாளை சி ஆகலாம், அதனால்தான் திரும்பத் திரும்ப எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறோம். அதற்காக கிரேடு தெரியட்டும் என்று கைகட்டி உட்காரவும் கூடாது. தலை, அது பொருந்தியிருக்கும் இடுப்பெலும்புக் கிண்ணத்தைவிட்டு வெளியே எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை ஆரம்ப எக்ஸ்ரேயிலேயே அளக்கலாம். அது தலையின் அகலத்தில் 20 சதவீதத்தைத் தொட்டால், குறிப்பாகப் பெரிய பிள்ளைகளுக்கு, தலை நசுங்குவதற்குள் அதைக் கிண்ணத்துக்குள் கொண்டுவரும் சிகிச்சையைப் பேசியாக வேண்டும்.

அதனால், அடுத்தமுறை வரும்போது முதலில் எடுத்ததிலிருந்து எல்லா எக்ஸ்ரேயையும் தேதியோடு கொண்டுவாருங்கள். ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தூண் இறங்குகிறதா என்று தெரியும்.