கன்செஷன்னா எப்பவும் சலுகை இல்லீங்க

போன வாரம் பீளமேட்டுல ஒரு பேக்கரில டீ குடிச்சுட்டு நின்னப்ப பக்கத்துல ஒருத்தரு போன்ல வீடியோ பார்த்துட்டிருந்தாரு, அமெரிக்க விமானக் கம்பெனிக நொடிச்சுப்போன கதை, அதுல பேசறவரு “திவால் ஆவோம் என்று நிர்வாகம் எச்சரித்ததால் தொழிற்சங்கங்கள் சலுகைகளுக்கு ஒப்புக்கொண்டன”ன்னு சொல்றாரு. இவரு என்னத் திரும்பிப் பார்த்து, “பரவால்லீங்க, கம்பெனி முழுகற நேரத்துலயும் சங்கத்துக்காரங்க வேணுங்கறத வாங்கிட்டாங்களாட்ட இருக்குது”ங்கறாரு.

அவரு மேல தப்பே இல்ல, தமிழ்ல அப்படித்தான் அர்த்தம் வருது. நடந்தது நேர் எதிர். 2003 ஏப்ரல்ல அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஊழியர் செலவுல வருசத்துக்கு 180 கோடி டாலர் குறைஞ்சே ஆவோணும்னு நின்னுது, பைலட், கேபின் ஊழியர், மெக்கானிக் சங்கம் மூணும் தங்க சம்பளத்தைத் தாங்களே வெட்டிக்கறதுக்கு ஒத்துக்கிச்சு. இங்கிலீஷ்ல இதுக்குப் பேரு ‘கன்செஷன்’, அதத்தான் தமிழ்ல சலுகைன்னு மாத்திப் போட்டுடறாங்க. இது சலுகையா?

கன்செஷனுக்கு மூலம் லத்தீன், வழிவிட்டு ஒதுங்கறதுன்னு பொருள். அது ஒரே வார்த்தையா இருந்துட்டு நாலு வேலை பாக்குது. பஸ் பாஸ்ல வந்தா சலுகை, சுரங்கத்துல வந்தா உரிமம், எலக்சன்ல வந்தா தோல்விய ஒத்துக்கறது, சங்கப் பேச்சுவார்த்தைல வந்தா விட்டுக்கொடுப்பு. நம்மாளுக நாலுக்கும் சலுகையவே போட்டுட்டுப் போயிடறாங்க.

சலுகைக்கு ஒரு திசை இருக்குதுங்க. மேல இருக்கறவன் கீழ இருக்கறவனுக்குக் குடுக்கறது. சத்தியமங்கலம் தாண்டி கன்னடத்துக்குப் போனா ‘சலுகெ’ன்னா நெருக்கத்துல எடுத்துக்கற உரிமை, செல்லம். அந்த வாசனை நம்ம வார்த்தைலயும் இருக்குது. குடுத்தவன் நினைச்சா நிறுத்திக்கலாம், ரயில்ல முதியோர் சலுகைய 2020 மார்ச்ல நிறுத்தின மாதிரி. சம்பளம் அப்படியா? அது பேசி, கையெழுத்துப் போட்டு வாங்கின உரிமை. அதுல ஒரு பங்க கீழ இருக்கறவன் மேல திருப்பிக் குடுக்கறதுக்கு சலுகைன்னு பேர் வெச்சா, குடுத்தவன் யாரு வாங்கினவன் யாருன்னே தலைகீழாயிடுது.

எங்கய்யன் சிங்காநல்லூர் பக்கம் ஒரு மில்லுல ஸ்பின்னிங்ல வேலை பார்த்தவரு. மில்ல மூடிருவோம்னு நிர்வாகம் சொன்ன வருசம் சங்கம் பஞ்சப்படிய, அதான் அகவிலைப்படிய, ஏத்தாம நிறுத்தி வெக்க சம்மதிச்சுது. கேட்டுல டைப் அடிச்ச பேப்பர ஒட்டியிருந்தாங்க. தூக்குப்போசிய கைல புடிச்சுட்டே அத ரெண்டு தடவ படிச்சுட்டு வந்து அம்மாகிட்ட, “பஞ்சப்படிய விட்டுக்குடுத்தாச்சு”ன்னாரு, அவ்வளவுதான். எந்த அகராதியயும் அவரு பார்க்கல. மில்லு லைன் வீடுக பூரா அந்த வார்த்தைதான் ஓடுச்சு.

வாட்ஸ்அப் குரூப்ல ஒரு நண்பர் மறுக்கறாரு, விட்டுக்கொடுப்புன்னா மனசார செய்யறது, இது மிரட்டி வாங்கினது, அதனால அது பொருந்தாதுன்னு. மிரட்டல்ங்கறது உண்மை. 1983ல கான்டினென்டல்ங்கற அமெரிக்க விமானக் கம்பெனி திவால் மனு போட்ட கையோட ஊழியர் ஒப்பந்தத்தைத் தூக்கி எறிஞ்சு சம்பளத்த வெட்டுச்சு, அதுக்கப்புறந்தான் 1984ல சட்டம் திருத்தி, கோர்ட் அனுமதி இல்லாம ஒப்பந்தத்த ரத்து பண்ணக்கூடாதுன்னாங்க. அப்பவும் கோர்ட் வழி திறந்தேதான் இருக்குது. அந்த ஊர்த் திவால் சட்டத்துல பதினோராம் அத்தியாய மனுங்கறது நம்மூர்ல மஞ்ச நோட்டீஸ் குடுத்துட்டு கடைய சாத்தறதும் இல்ல, கடங்காரன நிறுத்தி வெச்சுட்டு விமானத்த ஓட்டிக்கிட்டே இருக்கலாம். அதனாலதான் அந்த மிரட்டலுக்கு அவ்வளவு பலம். ஆனா விட்டுக்குடுக்கறதுங்கற வார்த்தைக்கு நம்ம ஊர்ல மனசார மட்டுந்தானா அர்த்தம்? பங்காளி வரப்புத் தகராறுல ஒரு அடி விட்டுக்குடுத்தவரு எல்லாம் சிரிச்சுட்டா குடுத்தாரு?

அதுக்கு இன்னொரு முகமும் இருக்குது. “நாலு பேர் முன்னால என்னைய விட்டுக்குடுத்துட்டான்”னு சொல்றமில்லீங்க, அது. அமெரிக்கன்ல கேபின் ஊழியர் ஓட்டு முதல்ல தோத்துப்போய், ஒரு நாள் நீட்டிச்சு எடுத்த ஓட்டுலதான் ஜெயிச்சுது. உடனே பார்த்தா உயரதிகாரிகளுக்கு தனியா போனஸ் ஒதுக்கி வெச்சிருந்தது வெளிய வந்துருச்சு, கம்பெனித் தலைவர் டான் கார்ட்டி அதே மாசம் பதவிய விட்டாரு. எங்க சங்கமே எங்கள விட்டுக்குடுத்துட்டுதுன்னு ஒரு ஊழியர் தமிழ்ல சொன்னா ரெண்டு அர்த்தமும் ஒண்ணா வந்து விழுகும். சலுகைல இது வருமா? இவ்வளவும் குடுத்தும் 2011 நவம்பர்ல அந்தக் கம்பெனி திவால் மனு போட்டுதான் போட்டுது.

சில பேரு ‘தியாகம்’னு எழுதறாங்க, அது இன்னும் மோசம், நிர்வாகம் நன்றிக் கடிதத்துல எழுதற வார்த்தை அது. எனக்குக் கோவம் வர்றதே இதுலதான். மொழிபெயர்க்கறவங்க வாக்கியத்த முழுசாப் படிக்காம வார்த்தைய மட்டும் பார்த்து மாத்திட்டுப் போறாங்க, யாரு கையில இருந்து யாரு கைக்குப் போகுதுன்னு ஒரு நிமிசம் யோசிக்கறதில்ல. புதுசா வார்த்தை உண்டாக்கச் சொல்லி யாரையும் கேக்கல, இருக்கறத எடுத்துப் போடோணும், அவ்வளவுதான்.

‘சம்பளத்தில் விட்டுக்கொடுக்க விமான ஊழியர் சங்கங்கள் சம்மதம்.’ இப்படிப் போட்டிருந்தா அன்னிக்கு பேக்கரில பக்கத்துல நின்னவருக்கு வீடியோவ பாக்காமயே வெவரம் புரிஞ்சிருக்கும்.