மிதந்தால் வெந்துவிட்டது என்று யார் சொன்னது?

சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்த கையோடு, சிங்கப்பூரில் நான் பணியாற்றும் மருத்துவமனையில் ஒரே தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த மூவர் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக வந்து சேர்ந்தார்கள். மூவரின் மலப் பரிசோதனையிலும் சால்மொனெல்லா என்ற கிருமி வளர்ந்தது. இரண்டு நாள்களுக்கு முன்பு வீட்டில் கோழிக்கறி வைத்து ஜியாவ்ஸி, அதாவது சீன டம்ப்ளிங், செய்து சாப்பிட்டிருக்கிறார்கள். செய்தவர் அந்த வீட்டு அம்மா; அவருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. எல்லோருக்கும் பரிமாறி முடிக்கும்வரை சட்டியிலேயே கொதித்துக் கிடந்த கடைசி ஈட்டைத்தான் அவர் சாப்பிட்டார் என்று கேட்டதும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. “எல்லாம் மிதந்து வந்துச்சே டாக்டர், அப்புறந்தானே எடுத்தேன்” என்றார். இதே வாக்கியத்தை வெவ்வேறு வீட்டாரிடமிருந்து கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

மிதப்பது வெந்ததற்கு அடையாளம் அன்று. மடிப்புக்குள் அடைபட்ட காற்றும், பூரணத்தின் ஈரத்திலிருந்து எழும் ஆவியும் சூட்டில் விரிகின்றன. இளகிய மேல்மாவு உப்புகிறது. எடை கூடாமல் பருமன் மட்டும் கூடுவதால் டம்ப்ளிங் மேலே வருகிறது. பூரணத்தைக் குறைத்துக் காற்றோடு சேர்த்து மூடிய ஒன்று, உள்ளே பச்சையாக இருக்கும்போதே மிதக்கும். காற்றே இல்லாமல் நிறைத்து மூடிய ஒன்று, வெந்த பிறகும் அடியில் கிடக்கக்கூடும். ஃப்ரீசரிலிருந்து எடுத்து நேரே கொதிநீரில் போட்டது உப்பி மிதந்துகொண்டிருக்க, அதன் நடுவே சுண்டைக்காய் அளவு கறி இன்னும் பனிக்கட்டியாகவே இருந்ததை என் வீட்டிலேயே வெட்டிப் பார்த்திருக்கிறேன். என் மனைவி அன்று முதல் என்னைச் சமையலறைக்குள் விடுவதில்லை என்பது வேறு கதை.

நம்மவர்களிடம் இந்த எண்ணம் எளிதில் ஒட்டிக்கொள்வதற்குக் கொழுக்கட்டைதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. தேங்காயும் வெல்லமும் சேர்த்துக் கிளறிய பூரணம் முன்பே பக்குவமாகிவிடுவதால், மேல்மாவு பளபளத்ததும் இறக்கிவிடலாம். ஜியாவ்ஸியில் உள்ளே இருப்பதோ பச்சைக் கறி. வட சீனக் குடும்பங்களில் மிதந்ததும் யாரும் கரண்டியைத் தூக்குவதில்லை. தண்ணீர் பொங்கியதும் ஒரு குவளை குளிர்ந்த நீர் ஊற்றி, மறுபடி கொதித்ததும் மறுபடி ஊற்றி, கறிப் பூரணமானால் மூன்று முறை இப்படிச் செய்வார்கள். கொதி அடங்குவதால் மேல்மாவு கிழியாது. அந்த இடைவெளியில் சூடு நடுவரை போய்ச் சேரும். காணொளி பார்த்துச் செய்பவர்கள் மிதப்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, இந்த மூன்று குவளை நீரை விட்டுவிடுகிறார்கள்.

அரைத்த கறி ஏன் முழுத் துண்டைவிட ஆபத்தானது என்பதை இங்கே விளக்கப் போவதில்லை. வெந்ததா என்று பாருங்கள், அது போதும். உணவு வெப்பமானி இருந்தால் ஈட்டிலேயே பெரியதாக உள்ள ஒன்றின் நடுவில் குத்துங்கள்: 75 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். இல்லையென்றால், உறைந்த டம்ப்ளிங்கை மிதந்த பிறகும் விடாமல், போட்டதிலிருந்து 8 முதல் 10 நிமிடம் கொதிக்கவிட்டு, ஒன்றை வெட்டிப் பார்த்துவிட்டு எடுங்கள். உப்புப் பார்க்கப் பச்சைப் பூரணத்தை நாக்கில் வைக்காதீர்கள். ஒரு சிட்டிகையைத் தோசைக்கல்லில் வாட்டிச் சுவையுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நம்புவோருக்கு: சால்மொனெல்லா அங்கே சாவதில்லை, காத்திருக்கிறது.

குடும்பமாக உட்கார்ந்து மணிக்கணக்கில் பிடிப்பது இந்தப் பலகாரத்தின் அழகு, மறுக்கவில்லை. ஆனால் வட சீனக் குளிர் நகரமான ஹார்பினில் ஜனவரி மாதம் பிடித்ததைப் பலகையோடு வெளியே வைத்தால் கல்லாக உறைந்துவிடும். இங்கே 31 டிகிரிச் சமையலறையில் அதே பூரணம் மேசையில் கிடக்கிறது. தயவுசெய்து சிறு கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, மிச்சத்தைக் குளிர்பெட்டியிலேயே வையுங்கள்.

எவ்வளவு கொதித்தாலும் தீராத ஆபத்து ஒன்றும் உண்டு. புத்தாண்டுக்கு வீட்டில் வைக்கும் நார்சிசஸ் செடியின் இலை, பூரணத்தில் போடும், பூண்டு மணமுள்ள குச்சாய்க் கீரையைப் போலவே இருக்கும். நார்சிசஸில் உள்ள லைகோரின் என்ற நச்சு கடும் வாந்தியை உண்டாக்கும். கசக்கினால் பூண்டு மணக்காத இலையைச் சட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மலத்தில் இரத்தம், இறங்காத காய்ச்சல், குழந்தை சிறுநீர் கழிக்காமல் சோர்ந்து கிடப்பது ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். போக்கை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் அந்த அம்மா, ஃப்ரீசரில் மிச்சமிருப்பதை இன்னும் நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாமா என்று கேட்டார். முறையாக வெந்தால் சாப்பிடலாம்தான். ஆனாலும் அதைத் தொடும் கையும் தட்டும் நினைவுக்கு வர, எறிந்துவிடச் சொன்னேன். “முப்பத்தாறு இருக்கே டாக்டர்” என்றார்.