இன்சுலின் ஊசி எந்தக் குப்பையில் சேரும்?

போன மாதம் வடசென்னையில் ஈரக் குப்பையை உரமாக்கும் கூடம் ஒன்றுக்கு ஆய்வுக்காகப் போயிருந்தேன். குப்பையைக் கிளறிக்கொண்டிருந்த அக்கா சட்டென்று கையை உதறினார். சாம்பார் சாதம் ஒட்டிய வாழையிலைச் சுருளுக்குள் மூடியில்லாத இன்சுலின் ஊசி. கையுறையைத் துளைத்துக்கொண்டு ஆள்காட்டி விரலில் இறங்கியிருந்தது. "புதுசா சார் இது? அப்பப்போ குத்தும்" என்றார். சோப்புப் போட்டுக் கழுவ வைத்து, உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம்.

அந்த ஊசியைப் போட்டவர் கெட்டவர் இல்லை. வீட்டில் சேருவதெல்லாம் ஒரே குப்பை என்று நினைத்திருப்பார், அவ்வளவுதான்.

திடக்கழிவு மேலாண்மை விதிகளைப் படித்தால், நகராட்சித் திடக்கழிவின் எல்லை எவ்வளவு அகலம் என்று புரியும். வீட்டுக் குப்பை, கடை, ஓட்டல், சந்தைக் கழிவு, தெருவில் பெருக்கியது, வெட்டிய மரக்கிளை, மாட்டுக் கொட்டகைச் சாணம், மழைநீர் வடிகாலில் தூர்வாரிய மண்கூட அதில் அடக்கம். ஆயுத பூஜை முடிந்ததும் தெருமுனையில் குவியும் வாழைக்கன்றும் பூசணிக்காயும் இதில்தான் வரும். தொழிற்சாலைக் கழிவு, மருத்துவமனைக் கழிவு, மின்னணுக் கழிவு, பேட்டரிக் கழிவு ஆகியவை இதில் வராது. பாத்ரூம் டைல்ஸ் மாற்றும்போது வரும் இடிபாட்டுக்கும் தனி விதி உண்டு. அதை மூட்டை கட்டித் தெருத் தொட்டியில் தள்ளுவது தவறு.

ஊசியில்தான் பலரும் குழம்புகிறார்கள். மருத்துவமனையில் போட்ட ஊசி மருத்துவக் கழிவு. அதே ஊசியை வீட்டில் போட்டுக்கொண்டால் அது வீட்டில் சேரும் அபாயக் கழிவு. நகராட்சிதான் வாங்கிக்கொள்ள வேண்டும், ஆனால் ஈரக் குப்பையோடும் உலர் குப்பையோடும் சேராமல் தனியாக. காலாவதியான மாத்திரை, டியூப் லைட், உடைந்த பாதரசத் தெர்மாமீட்டர், பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, வீட்டில் தீர்ந்துபோன பேட்டரி எல்லாம் இந்த வகையே. கலந்து போட்டால் இவையும் சேர்ந்து சென்னையின் குப்பைக் கிடங்குகளான கொடுங்கையூருக்கோ பெருங்குடிக்கோ போகும். பெருங்குடிக் கிடங்கை ஒட்டித்தான் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். டியூப் லைட்டில் இருக்கும் பாதரசம் மக்கி அழிகிற பொருள் இல்லை.

நாப்கினும் டயப்பரும் அபாயக் கழிவு இல்லை. ஆனாலும் செய்தித்தாளில் இறுகச் சுற்றித் தனியாகக் கொடுங்கள். அதைப் பிரித்தெடுப்பதும் ஒருவருடைய கைதான்.

ஊசிக்கு நான் சொல்லும் வழி இது. பினாயில் வந்த கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் ஊசிகளைச் சேருங்கள். முக்கால்வாசி நிரம்பியதும் மூடியை இறுக்கி டேப் ஒட்டி, மேலே பெரிய எழுத்தில் 'ஊசி' என்று எழுதுங்கள். குப்பை வாங்கும் பேட்டரி வண்டி வரும்போது தூய்மைப் பணியாளரின் கையிலேயே கொடுத்து, உள்ளே இருப்பது ஊசி என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.