காற்றுக்குத் தப்பிய கேபிள், தண்ணீரில் மாட்டும் பெட்டி

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் மரங்களைச் சாய்த்தபோது மின்கம்பங்களும் கூடவே சாய்ந்தன. அதைப் பார்த்தவர்கள் புதைவடம், அதாவது மண்ணுக்கடியில் ஓடும் மின்கேபிள், வேண்டும் என்றார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையோ வேளச்சேரியை மூழ்கடித்தது. எந்த ஆபத்துக்கு அஞ்சுகிறோமோ, அதற்கேற்ற தொழில்நுட்பத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறோம்.

மேல்நிலைக் கம்பியில் கிளை உரசினால் சப்-ஸ்டேஷனில் பிரேக்கர் டிரிப் ஆகி மின்சாரத்தைத் துண்டிக்கும். கிளை விலகியதும் பிரேக்கரைத் திரும்பப் போட்டால் பெரும்பாலும் மறுபடி டிரிப் ஆகாது. இந்தப் பழுது அடிக்கடி வரும், சீக்கிரம் போகும். கேபிள் பழுது அபூர்வம், ஆனால் இன்சுலேஷன் ஓரிடத்தில் துளைபட்டால் தானாகச் சரியாகாது.

11 கிலோவோல்ட் கேபிள் ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. பழுதான துண்டை இருபுறமும் கழற்றி, இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் கருவியால் எந்த ஃபேஸில் பழுது என்று பார்ப்பார்கள். பிறகு ஒரு மின்துடிப்பை அனுப்புவார்கள். எக்ஸ்.எல்.பி.இ. என்ற பிளாஸ்டிக் இன்சுலேஷன் கொண்ட கேபிளில் அது மைக்ரோ விநாடிக்குச் சுமார் 165 மீட்டர் ஓடும். எதிரொலி 10 மைக்ரோ விநாடியில் வந்தால், போய்த் திரும்பிய தூரத்தில் பாதி, அதாவது ஏறத்தாழ 825 மீட்டர் தள்ளிப் பழுது. துல்லியமான இடத்தைக் கண்டுபிடிக்க உயர் மின்னழுத்தத் துடிப்பைச் செலுத்தி, மண்ணுக்குள் 'டப்' என்று கேட்கும் இடத்தைத் தேடவேண்டும். தெருவில் தண்ணீர் நின்றால் தேடவும் முடியாது, தோண்டவும் முடியாது. சேதமான பகுதியை வெட்டிப் புதுத் துண்டு வைத்தால் இரண்டு ஜாயின்ட் கூடும். ஈரக் குழியில் அவசரமாகப் போட்ட ஜாயின்ட்தான் அடுத்த பழுதுக்கு விதை.

இரு பக்கமும் கேபிளை இணைக்கும் சுவிட்ச் பெட்டியான ரிங் மெயின் யூனிட் இருந்தால் மறுபக்கத்திலிருந்து சப்ளை கொடுத்துச் சமாளிக்கலாம். ஆனால் வெள்ளத்தில் பலவீனமான இடம் கேபிள் அல்ல, வீடுகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் தெருமுனைப் பில்லர் பாக்ஸ். உள்ளே ஃப்யூஸ்கள் திறந்தபடி இருக்கும்; தண்ணீர் தொட்டால் நடந்துபோகிறவர் உயிருக்கே ஆபத்து. எனவே முன்கூட்டியே மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். தாழ்வான ஒரே பெட்டிக்காக, நனையாத தெருக்களும் இருளில் கிடக்க நேரிடும். இருட்டை விட மரணம் பெரிது என்ற கணக்கு, நியாயமானதே.

ஆகவே கேபிளைப் புதைக்கும் திட்டத்திலேயே பெட்டியை உயர்த்தும் செலவையும் சேர்ப்பதே சரி. புதைப்பதற்கு மேல்நிலைக் கம்பியைப்போலப் பல மடங்கு செலவாவதால், பெட்டி நிற்கும் பீடத்தில்தான் சிக்கனம் பிடிக்கத் தோன்றும். பீடத்தின் உயரத்தை இன்றைய தார்ச்சாலையிலிருந்து அளக்கக் கூடாது. அந்தத் தெருவில் தேங்கிய அதிகபட்ச நீர்மட்டத்திலிருந்து அளக்கவேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே சாலை போட்டால், ஒவ்வொரு முறையும் பெட்டி சில சென்டிமீட்டர் தாழ்ந்துபோகிறது.