வைபை கார்ட் எரியவில்லை, கழற்றாதேங்கோ

மேசைக்கு வந்த லப்ரொப்பின் அடித்தட்டில் இரண்டு ஆணி குறைவு. உள்ளே வைபை கார்ட்டுக்குப் போகும் இரண்டு அன்ரனா வயர்களில் ஒன்றின் முனை நசிந்து பிய்ந்திருக்கிறது. பக்கத்து யூஎஸ்பி துளையில் புதிதாக வாங்கிய டொங்கிள் (வெளியே கொழுவும் குட்டி வைபை கருவி) ஒன்று, அதுவும் வேலை செய்யவில்லை. உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டார்கள், வைபை அடையாளத்தைக் காணவில்லை, "லினக்ஸ் போட்டதால கார்ட் எரிஞ்சுபோச்சு" என்று யாரோ ஒருவர் சொன்னார், கழற்றிவிட்டார்கள். கார்ட்டில் ஒரு குறையும் இல்லை. ஒரு ட்ரைவர்ப் பொதி (கார்ட்டை இயக்கும் மென்பொருள்), போனின் யூஎஸ்பி கேபிள், பத்து நிமிடம். அவ்வளவோடு முடிந்திருக்க வேண்டிய வேலை.

உயர்தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுக்கும் பிள்ளைகளும் வளாகத்து முதலாம் வருடக்காரரும் லினக்ஸ் போடத் தொடங்கும்போதெல்லாம் இதே கூத்துத்தான். கனடாவிலும் லண்டனிலும் இருந்து சொந்தக்காரர் கொடுத்துவிடும் பழைய லப்ரொப்களில் இன்னும் கூட. எனவே எரிச்சலோடு என்றாலும் வடிவாகச் சொல்லிவிடுகிறேன். கட்டளைகளை உச்சரிப்பில்தான் எழுதியிருக்கிறேன். கீபோட்டில் சிறிய ஆங்கில எழுத்தில் அடியுங்கோ.

லினக்ஸ் கார்ட்டை எரிக்காது. இதை மூன்று தரம் சொன்னாலும் தகும். வைபை கார்ட்டுக்குள் ஒரு குட்டிக் கணினி இருக்கிறது. அது இயங்க ஃபேம்வெயர் என்ற கோப்பு வேண்டும். இன்றைய கார்ட்டுகளில் பெரும்பாலானவை அந்தக் கோப்பைத் தங்களுக்குள் நிரந்தரமாக வைத்திருப்பதில்லை. லப்ரொப்பைப் போடும் ஒவ்வொரு முறையும் இயங்குதளம்தான் டிஸ்கில் இருந்து அதை எடுத்துக் கார்ட்டின் நினைவகத்தில் ஏற்றுகிறது. கரண்ட் நின்றால் அழிந்துவிடும். விண்டோஸும் இதையேதான் செய்கிறது, உங்களுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். ஆகவே லினக்ஸ் எதையும் கார்ட்டில் எழுதிக் கெடுக்கவில்லை. கோப்புக் கிடைக்காததால் கார்ட் சும்மா கிடக்கிறது. சும்மா கிடப்பதும் எரிவதும் ஒன்றல்ல.

"விண்டோஸில வேலை செய்யுதே?" என்பது அடுத்த கேள்வி. செய்யும். சிப் செய்த கம்பனி விண்டோஸுக்கு ட்ரைவர் எழுதிக் கொடுத்திருக்கிறது. லினக்ஸுக்குச் சில கம்பனிகள் தாங்களே எழுதுகின்றன, இன்ரெல் அதில் நல்ல பிள்ளை. சில கம்பனிகள் மூடிய (மூல நிரலை வெளியே காட்டாத) ட்ரைவரைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கின்றன, புரோட்கொம்மின் பழைய கார்ட்டுகள் அப்படி. மூடிய கோப்புகளைத் தங்கள் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் வைப்பதில்லை என்பது டெபியன் என்ற லினக்ஸ் வகையின் நீண்டகாலக் கொள்கையாக இருந்தது. 2023இல் வந்த 12ஆம் பதிப்பில்தான் ஃபேம்வெயரை உள்ளே சேர்த்தார்கள். யாரோ ஒருவரின் பென் டிரைவில் கிடந்த டெபியன் 10ஐப் போட்டுவிட்டு வைபை இல்லை என்று அழுவதில் பொருளில்லை. உபுண்டுவில் நிறுவும்போது, வைபைக்கும் கிராபிக்ஸுக்கும் மூன்றாந்தரப்பு மென்பொருள் வேண்டுமா என்று ஒரு கட்டம் கேட்கும். அதில் சரி போடாமல் 'நெக்ஸ்ட்', 'நெக்ஸ்ட்' என்று தட்டிப் போகிறவர்கள்தான் அதிகம்.

இனிக் காரியத்துக்கு வருவோம். லப்ரொப்பின் மொடல் இலக்கம் எனக்கு வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம். ஒரே மொடலை இரண்டு மூன்று வகை வைபை கார்ட்டோடு விற்கிறார்கள். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் ஜன்னல்) 'எல்எஸ்பிசிஐ -என்என்கே' என்று அடியுங்கோ. 'நெற்வேர்க் கொன்ரோலர்' என்ற வரியைத் தேடுங்கோ. வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் இரண்டு இலக்கத் தொகுதிகள் இருக்கும். முதல் தொகுதி கம்பனி: 8086 என்றால் இன்ரெல், 10இசி என்றால் ரியல்ரெக், 14இ4 புரோட்கொம், 14சி3 மீடியாரெக், 168சி ஏதெரோஸ். அதற்குக் கீழே 'கேர்னல் ட்ரைவர் இன் யூஸ்' என்று ஒரு வரி இருக்கிறதா? (கேர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி.) இருந்தால் ட்ரைவர் ஏறியிருக்கிறது. 'சூடோ டிஎம்இஎஸ்ஜி' (சூடோ என்றால் நிர்வாகி அனுமதியோடு ஓட்டுவது) வெளியீட்டில் ஃபேம்வெயர் ஏற்ற முடியவில்லை என்ற வரி மட்டும் இல்லாமல் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் கோளாறு சுவிட்சில், மின்சேமிப்பில், அல்லது ரவுட்டரில். 'கேர்னல் ட்ரைவர் இன் யூஸ்' வரியே இல்லாவிட்டால் ட்ரைவர் இல்லை. வழி இங்கேதான் பிரிகிறது. இதைப் பார்க்காமல் யூரியூப்பில் கண்ட கட்டளையை எல்லாம் ஒட்டுகிறவர்கள் பேந்து இரண்டு கோளாறோடு வருகிறார்கள். 'என்டிஐஎஸ்ராப்பர்' போடச் சொல்லும் பக்கம் ஏதும் கண்ணில் பட்டால் உடனே மூடிவிடுங்கோ, அது மிகப் பழைய காலத்து வைத்தியம்.

ட்ரைவர் இறக்க இன்ரநெற் வேண்டும், இன்ரநெற்றுக்கு வைபை வேண்டும், வைபைக்கு ட்ரைவர் வேண்டும் என்று தலையில் கை வைக்க வேண்டாம். அன்ட்ரொயிட் போனைக் கேபிளில் கொழுவி, போனின் ஹொட்ஸ்பொட் பக்கத்தில் 'யூஎஸ்பி ரெதரிங்' என்பதைப் போட்டால் போதும். லினக்ஸ் அதை வயர் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும், எந்த ட்ரைவரும் கேட்காது. போன் வீட்டு வைபையில் இருந்தால் பெரும்பாலான போன்கள் அந்த இணைப்பையே கொடுக்கும், டேற்றா செலவில்லை. ஒன்றைக் கவனியுங்கோ: சார்ஜ் மட்டும் போகிற மலிவுக் கேபிள்களில் இது நடக்காது. ரெதரிங் பொத்தான் மங்கலாக இருந்தால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கோ.

புரோட்கொம் என்றால் (பிசிஎம் 43142 இந்த ஊரில் பழைய டெல், எச்பி லப்ரொப்களில் நிறையக் கிடக்கிறது) உபுண்டுவில் 'அடிஷனல் ட்ரைவர்ஸ்' என்ற இடத்தைத் திறந்தால் தானாகவே காட்டும். லினக்ஸ் மின்ட்டில் 'ட்ரைவர் மனேஜர்'. தெரிவு செய்து போடுங்கோ. இனித்தான் எல்லாரும் விழும் குழி வருகிறது. லப்ரொப்பில் செக்கியூர் பூட் (கையொப்பம் இல்லாத மென்பொருளை ஏற்காத பூட்டு) போட்டிருந்தால், நிறுவும்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். வைத்துவிட்டு மறுபடி தொடங்கினால் நீலத் திரை ஒன்று வந்து, பத்து விநாடியில் ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லும். அதை விண்டோஸின் நீலத் திரை என்று நினைத்துப் பயந்து பவர் பொத்தானைப் பிடித்து அணைக்கிறார்கள். அல்லது தேத்தண்ணி போடப் போய்விடுகிறார்கள், பத்து விநாடி கழிய அது தன்பாட்டில் தொடங்கிவிடுகிறது. இரண்டிலும் பலன் ஒன்றுதான்: ட்ரைவர் டிஸ்கில் இருக்கும், கேர்னல் அதை ஏற்க மறுக்கும். அந்தத் திரையில் 'என்ரோல் எம்ஓகே', பிறகு 'கொன்ரினியூ', பிறகு 'யெஸ்', பிறகு நீங்கள் வைத்த கடவுச்சொல், கடைசியில் 'ரீபூட்'. தட்டும்போது எழுத்துத் தெரியாது, பதற வேண்டாம். தவறவிட்டிருந்தால் ட்ரைவரை நீக்கி மறுபடி போடுங்கோ, திரை திரும்ப வரும்.

ரியல்ரெக் என்றால் கதை வேறு. இங்கே பெரும்பாலும் கேர்னல் பழசு என்பதுதான் சிக்கல். 'யூநேம் -ஆர்' அடித்தால் பதிப்புத் தெரியும். 8852பிஇ கார்ட்டுக்குக் கேர்னலிலேயே ட்ரைவர் வந்தது 6.2இல். உபுண்டு 22.04இன் முதல் வட்டு வந்தது கேர்னல் 5.15ஓடு, ஆகவே அதில் இந்தக் கார்ட் எழும்பாது. 24.04இல் கேர்னல் 6.8, அதில் எழும்பும். புது லப்ரொப்புக்குப் புது வட்டு, அவ்வளவுதான். கிட்ஹப்பில் இருந்து ட்ரைவரை எடுத்துக் கொம்பைல் பண்ணுவது கடைசி வழி. பண்ணினால், கேர்னலின் ஹெடர்ஸ் பொதியும், கேர்னல் மாறும்போதெல்லாம் ட்ரைவரைத் தானாக மறுபடி கட்டும் டிகேஎம்எஸ்ஸும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த அப்டேற் வந்த அன்று வைபை போய்விடும். "நேற்று வேலை செய்தது, இன்று இல்லை" என்று வருவதில் கணிசமானவை இதுதான். அந்த நேரம் லப்ரொப்பைப் போடும்போது 'ஷிஃப்ட்' அல்லது 'எஸ்கேப்' பிடித்து, 'அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்' போய்ப் பழைய கேர்னலில் ஏறுங்கோ. வைபை திரும்பும். ஆறுதலாக ஹெடர்ஸைப் போட்டுத் திருத்தலாம்.

ரியல்ரெக் 8723பிஇ கார்ட்டுக்கு ஒரு தனிக் குணம். ரவுட்டருக்கு மேலேயே லப்ரொப்பை வைத்தால் பிடிக்கும், விறாந்தையில் இருந்து அறைக்குள் போனால் விட்டுவிடும். கார்ட்டில் அன்ரனா கொழுவ இரண்டு இடம். செலவு மிச்சம் பிடிக்க ஒரு வயரை மட்டும் கொழுவி விற்றிருக்கிறார்கள், ட்ரைவரோ வயர் இல்லாத இடத்தில் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறது. 'மொட்புரோப்.டி' கோப்புறையில் ஒரு கோப்பு உண்டாக்கி, 'ஒப்ஷன்ஸ் ஆர்ரிஎல்8723பிஇ அன்ட்_செல்=2' என்று ஒரு வரி எழுதி மறுபடி தொடங்குங்கோ. 2க்கு ஏறவில்லை என்றால் 1. ஒரு கோடு காட்டிய இடத்தில் முழுக் கோடும் காட்டுவதைப் பார்ப்பீர்கள்.

ட்ரைவர் இருந்தும் வைபை இல்லையென்றால் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' அடியுங்கோ. 'சொஃப்ட் புளொக்ட் யெஸ்' என்றால் மென்பொருள் பூட்டு, 'ஆர்எஃப்கில் அன்புளொக் வைபை' திறந்துவிடும். 'ஹார்ட் புளொக்ட் யெஸ்' என்றால் ஒரு சுவிட்ச் அல்லது எஃப்என் பொத்தான் அணைந்திருக்கிறது. பழைய லப்ரொப்களில் முன்விளிம்பில் நகத்தளவு நகரும் சுவிட்ச் ஒன்று இருக்கும், பைக்குள் வைக்கும்போது தட்டுப்படும். அதற்காகக் கணினியையே ஃபோமட் பண்ணியவர்கள் இருக்கிறார்கள். லெனோவோ ஐடியாபேட் சிலவற்றில் சுவிட்சே இல்லாமல் 'ஹார்ட் புளொக்ட்' என்று பொய் காட்டும். 'மொட்புரோப் -ஆர் ஐடியாபேட்_லப்ரொப்' என்று சூடோவோடு அடித்துப் பாருங்கோ. (அந்தப் பெயரில் லப்ரொப் என்பதை ஆங்கிலத்தில் முழுதாக அடிக்க வேண்டும்.)

விண்டோஸும் லினக்ஸும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை நிறுத்திவிடுங்கோ. அது இருக்கும்வரை விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, அரைத் தூக்கம்தான். வைபை கார்ட்டை எந்த நிலையில் விட்டுப் போனதோ அந்த நிலையிலேயே லினக்ஸிடம் கொடுக்கும். சில கார்ட்டுகள் அப்போது எழும்ப மறுக்கும். கொன்ரோல் பனலில் 'பவர் ஒப்ஷன்ஸ்', பவர் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கம், அங்கே கட்டத்தை எடுத்துவிடலாம். லினக்ஸுக்குப் பிறகு விண்டோஸிலும் வைபையைக் காணவில்லை என்று அலறுபவர்கள், லப்ரொப்பை அணைத்து, சார்ஜரையும் கழறக்கூடிய பற்றரி என்றால் அதையும் கழற்றி, பவர் பொத்தானை முப்பது விநாடி அழுத்திப் பிடித்துவிட்டுப் போடுங்கோ.

இடையிடையே அறுபடும் இணைப்புக்கு மின்சேமிப்பைப் பாருங்கோ. 'நெற்வேர்க்மனேஜர்' கோப்புறைக்குள் 'கொன்ஃப்.டி', அதற்குள் பெயரில் 'வைபை பவர்சேவ்' என்று வரும் கோப்பு. அதில் 3 என்று இருப்பதை 2 ஆக்கி மறுபடி தொடங்கினால் மின்சேமிப்பு நிற்கும். பற்றரி சற்றுக் குறையும், பரவாயில்லை.

எல்லாவற்றையும் லினக்ஸின் தலையில் கட்டவும் வேண்டாம். 5 கிகாஹேர்ட்ஸ் அலை பழைய கல்வீட்டின் தடித்த சுவரைத் தாண்டச் சிரமப்படும். விறாந்தை ரவுட்டரில் இருந்து பின்னறைக்கு 2.4ஐயே பாவியுங்கோ. ரவுட்டர் டபிள்யூபிஏ3 (வைபை கடவுச்சொல் பாதுகாப்பின் புதிய முறை) மட்டும் என்று வைத்திருந்தால் புரோட்கொம்மின் மூடிய ட்ரைவருக்கு அது விளங்காது. கடவுச்சொல் சரியாக இருந்தும் திரும்பத் திரும்பக் கேட்டால் ரவுட்டரை டபிள்யூபிஏ2க்கு மாற்றிப் பாருங்கோ. அமெரிக்காவில் இருந்து வந்த லப்ரொப் சிலவற்றுக்குச் சானல் 12, 13இல் உள்ள ரவுட்டர் கண்ணுக்கே தெரியாது, அந்த நாட்டு விதி கார்ட்டில் எழுதப்பட்டிருக்கும். ரவுட்டரை 1, 6, 11இல் ஒன்றில் வைத்தால் தொல்லை இல்லை.

டொங்கிள் வாங்கத்தான் வேண்டும் என்றால் பெட்டியில் '300 எம்பிபிஎஸ்' என்று இருப்பதைப் பார்த்து வாங்காதேங்கோ. உள்ளே என்ன சிப் என்று பெட்டி சொல்லாது, கடைக்காரருக்கும் தெரியாது. லினக்ஸ் லப்ரொப்பைக் கடைக்கே கொண்டுபோய்க் கொழுவி 'எல்எஸ்யூஎஸ்பி' அடியுங்கோ. 148எஃப்:7601 என்றால் மீடியாரெக் 7601, உடனே எழும்பும், 2.4 மட்டும். 0பிடிஏ:1ஏ2பி என்று வந்தால் அது தன்னை சிடி டிரைவ் என்று காட்டிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் ட்ரைவரை உள்ளே வைத்து விற்கும் தந்திரம் அது. 'யூஎஸ்பி-மோட்சுவிட்ச்' பொதி அதைக் கார்ட்டாக மாற்றும், அதற்குப் பிறகுதான் உண்மையான சிப் தெரியும்.

கார்ட்டையே மாற்றுவது எல்லாம் பார்த்த பிறகு. இன்ரெல் ஏஎக்ஸ்200, 210 என்பவை பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்ட்டுகள், பொருத்தமான எம்.2 துளை உள்ள பெரும்பாலான லப்ரொப்பில் நிற்கும். 201, 211 என்பவை அதே உருவம், ஆனால் அதற்கென்று செய்த இன்ரெல் புரோசசரோடு மட்டும்தான் வேலை செய்யும். விலை குறைவென்று 201ஐ வாங்கி ஏஎம்டி லப்ரொப்பில் செருகிவிட்டு எனக்குப் படம் அனுப்பாதேங்கோ. பழைய லெனோவோ, எச்பி சிலவற்றில் பயோஸ் (லப்ரொப்பைப் போட்டதும் முதலில் ஓடும் மென்பொருள்) தனக்குத் தெரியாத கார்ட் இருந்தால் லப்ரொப்பையே தொடங்க விடாது. பற்றரி இணைப்பை முதலில் எடுங்கோ. அன்ரனா முனையை நேர் மேலாக உயர்த்திக் கழற்றுங்கோ, சரித்தால் பிய்யும். கொழுவும்போது விரல் நுனியால் மெல்ல அழுத்தினால் 'கிளிக்' என்று உட்காரும். உட்காரவில்லை என்றால் பலம் போடாமல் நகர்த்திப் பாருங்கோ. குறடு அந்த இடத்துக்கு வரவே கூடாது.

உதவி கேட்டு எழுதுபவர்கள் 'வைபை வேலை செய்யேல்லை' என்று ஒற்றை வரி அனுப்பாமல், எல்எஸ்பிசிஐ வரியும் கேர்னல் பதிப்பும் ஆர்எஃப்கில் வெளியீடும் அனுப்புங்கோ. போனில் படம் எடுத்தாலும் போதும், லைட் விழாமல் நேராகப் பிடித்து எடுங்கோ. புதிதாக லினக்ஸ் போடப் போகிறவர்கள், நிறுவ முன் பென் டிரைவில் இருந்தே 'ட்ரை' என்று ஏறி வைபை வருகிறதா என்று ஐந்து நிமிடம் பாருங்கோ. அதில் வந்தால் அதே வட்டில் இருந்து நிறுவிய பிறகும் பெரும்பாலும் வரும்.