கெட்ட செய்தியைச் சொல்லத் தெரிந்தவர்கள்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பயிற்சிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் டிப்ளமோவும் பி.இ.யும் முடித்த பிள்ளைகள் டிரெய்னியாக வந்து சேருகிறார்கள். முதல் வகுப்பில் தேறி வந்த சிலர் ஐந்து வருஷம் கழித்தும் அதே மெஷின் பக்கத்தில் நிற்கிறார்கள். சுமாராகப் படித்தவர் ஒருவர் அதற்குள் ஷிப்ட் இன்சார்ஜ் ஆகிவிடுகிறார். சிபாரிசு, அதிர்ஷ்டம் என்று பல காரணம் சொல்வார்கள். அவை இல்லாமல் இல்லை. ஆனால் என் கண்ணில் திரும்பத் திரும்பப் பட்ட காரணம் வேறு. ஒரு சம்பவத்தோடு சொன்னால்தான் அது விளங்கும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, இரண்டாம் ஷிப்ட். துளையைக் கடைந்து அளவுக்குக் கொண்டுவரும் போரிங் மெஷினில் ஒரு டிரெய்னி நிற்கிறான். நல்ல படிப்பாளி. அளவு பார்ப்பதில் அவ்வளவு கவனமானவனை அந்த பேட்ச்சில் நான் பார்க்கவில்லை. அன்று வந்த காஸ்டிங் (வார்ப்பு) வழக்கத்தைவிடக் கடினமாக இருந்ததால், வெட்டும் முனையான இன்சர்ட் சீக்கிரம் தேய்ந்திருக்கிறது. துளையை அளக்கும் போர் கேஜில் அளவு கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதை அவன் பார்த்தான், நோட்டிலும் எழுதினான். மெஷினை ஓட்டியவர் இருபது வருஷ அனுபவமுள்ள ஆபரேட்டர். அவரிடம் போய், “அண்ணா, சத்தம் கொஞ்சம் வேற மாதிரி இருக்குல்ல?” என்று கேட்டிருக்கிறான். “இந்த லாட் அப்படித்தான் தம்பி” என்றார் அவர். சரி என்று இவன் திரும்பி வந்துவிட்டான். ஷிப்ட் மாறும்போது அடுத்து வந்தவரிடமும் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிறு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பீஸ்களைக் கொட்டி வைத்துக்கொண்டு ஆறு பேர் ஒவ்வொரு துளையிலும் ப்ளக் கேஜ் என்ற அளவுக் கட்டையை விட்டுப் பார்த்துப் பிரித்தார்கள். துளை சிறிதாகப் போனதால் பெரும்பாலானவற்றை மறுபடி கடைந்து காப்பாற்ற முடிந்தது. திங்களன்று அவனைக் கூப்பிட்டு விசாரித்தபோது, “நான் சொன்னேன் சார்” என்றான். கண் கலங்கியிருந்தது. அவன் பொய் சொல்லவில்லை. சொன்னதாகவே அவன் நம்பினான். கேட்டவரும் பொய் சொல்லவில்லை. தம்பி ஏதோ சந்தேகம் கேட்டான், பதில் சொன்னேன், அவ்வளவுதான் என்றார். ஒருவர் வாயிலிருந்து கிளம்பிய செய்தி இன்னொருவர் காதுக்குப் போகும் வழியில் கரைந்துவிட்டது.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு 1978 டிசம்பர் 28 நினைவுக்கு வரும். அமெரிக்காவின் போர்ட்லாண்டில் இறங்க வேண்டிய யுனைடெட் ஏர்லைன்ஸ் 173-ஆம் விமானம். சக்கரம் சரியாக இறங்கியதா என்ற கவலையில் கேப்டன் ஒரு மணி நேரம் வானில் சுற்றினார். எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது விமானப் பொறியாளருக்குத் தெரியும். அவர் அதைச் சொல்லவும் செய்தார், ஆனால் மேலதிகாரியிடம் சொல்கிற மாதிரி, பட்டும் படாமல். இப்போதே இறங்கியாக வேண்டும் என்று யாரும் அழுத்திச் சொல்லவில்லை. இன்ஜின்கள் ஒவ்வொன்றாக அணைந்து, புறநகர்ப் பகுதியில் விமானம் விழுந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். பெரிய தீ எழவில்லை, எரியத் தொட்டியில் எதுவும் மிச்சமில்லை. அதற்கு அடுத்த ஆண்டு நாசா இது பற்றி ஒரு பட்டறை நடத்தியது. 1981-இல் அதே விமான நிறுவனம், கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் எப்படிப் பேசுவது, மேலே இருப்பவர் எப்படிக் கேட்பது என்பதை விமானிகளுக்குப் பாடமாகவே வைத்தது. இன்று உலகம் முழுக்க விமானிகளுக்கு அது கட்டாயப் பயிற்சி. வண்டி ஓட்டத் தெரிவதும் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லத் தெரிவதும் ஒரே வேலையின் இரண்டு பாதி என்பதை அவர்கள் உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள்.

நம் ஊரில் இதை ‘சாஃப்ட் ஸ்கில்ஸ்’ என்கிறோம். இந்தப் பெயர் பரவியதில் அமெரிக்க ராணுவத்துக்கும் பங்கு உண்டு. 1972-இல் அவர்கள் இதற்கென்றே ஒரு மாநாடு நடத்தினார்கள். மெஷினோடு செய்கிற வேலை ஒரு பக்கம், மனிதர்களோடும் காகிதங்களோடும் செய்கிற வேலை இன்னொரு பக்கம் என்று பிரித்து, இரண்டாவதற்கு வைத்த பெயர் அது. ‘மென்திறன்’ என்று தமிழாக்கியதில் அது இன்னும் இளைத்துப் போனது. இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பரவாயில்லை என்கிற ஒன்றாகப் பிள்ளைகள் காதில் விழுகிறது.

அதைவிடப் பெரிய குழப்பம் ஆங்கிலம். கிராமத்துப் பாலிடெக்னிக்குகளுக்குப் போய்ப் பேசும்போது, “எனக்கு கம்யூனிகேஷன் வராது சார்” என்று பலர் சொல்வார்கள். விசாரித்தால் ஆங்கிலம் வராது என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆங்கிலம் வேண்டும், மறுக்கவில்லை. 2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்திலும் அதற்குப் பயிற்சி இருக்கிறது, தவறாமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் எங்கள் லைனில் இரவு இரண்டு மணிக்கு யாரும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வதில்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் பாதிப் பேர். விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், டிப்ளமோ படித்தவர், முதல் மாதத்திலேயே அவர்களிடம் கேட்டுக் கேட்டு முப்பது நாற்பது இந்திச் சொற்களை நோட்டில் தமிழில் எழுதி வைத்துக்கொண்டார். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்கு எல்லோரும் ஓடும்போது, அடுத்து வருபவருக்காக ஐந்து நிமிடம் நின்று, என்ன ஓடியது, எது தொந்தரவு கொடுத்தது, எதற்குக் காரணம் தனக்குத் தெரியவில்லை என்று மூன்றையும் சொல்லிவிட்டுப் போவார். ‘தெரியவில்லை’ என்பதைச் சேர்த்துச் சொன்னதுதான் அவரை எல்லோரும் நம்பக் காரணம். நாலு வருஷத்தில் லைன் லீடர் ஆனார்.

பதவி உயர்வு எப்படி முடிவாகிறது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. படிவம், மார்க் எல்லாம் உண்டு. ஆனால் அறைக்குள் மேனேஜர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது, “ராத்திரி ஏதாவது ஆனா இவன் எனக்கு போன் பண்ணுவானா, காலையில வர்ற வரைக்கும் மூடி வெச்சிருப்பானா?” என்பதைத்தான். அந்தக் கேள்விக்கு எந்தச் சான்றிதழிலும் பதில் இருக்காது.

எப்படிச் சொல்வது? நான் டிரெய்னிகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இவ்வளவுதான்: கண்ணால் பார்த்ததைச் சொல், அளவோடு சொல், அப்புறம் என்ன செய்யலாம் என்று கேள். அந்தப் பையன் அன்று இப்படிச் சொல்லியிருக்கலாம்: “அண்ணா, கடைசி அஞ்சு பீஸ்ல பதினஞ்சு மைக்ரான் இறங்கியிருக்கு. லிமிட்டுக்கு இன்னும் அஞ்சு மைக்ரான்தான் இருக்கு. இன்சர்ட் மாத்திப் பார்ப்போமா?” (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) இதில் மரியாதைக் குறைவு எங்கே இருக்கிறது? அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டே கணக்கைச் சொல்லலாம். வயதில் மூத்தவரைக் குறை சொல்வதாக ஆகிவிடுமோ என்ற பயம் நம் பிள்ளைகளுக்கு நிறைய. அந்த பயத்தில் நல்ல வளர்ப்பும் இருக்கிறது, அதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் எண்ணைச் சொன்னால் பேச்சு ஆளை விட்டு மெஷினுக்குப் போய்விடும்.

இடமும் முக்கியம். இப்போதெல்லாம் கெட்டுப்போன பீஸைப் படம் எடுத்து அறுபது பேர் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார்கள். தகவல் சொன்னதாக நினைப்பு. அந்தப் பீஸைச் செய்தவர் முகம் என்ன ஆகும்? அடுத்த தடவை அவரே தவறைப் பார்த்தாலும் அந்தப் பீஸை ஸ்கிராப் தொட்டியின் அடியில் போட்டு மறைப்பார். முதலில் நேரில் போய்ச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் சூப்பர்வைசரிடம் போகலாம், போகத்தான் வேண்டும். ஆனால் “அண்ணா, நான் சூப்பர்வைசர்கிட்ட கேட்டுட்டு வரேன்” என்று அவரிடம் சொல்லிவிட்டே போகலாம்.

மேலே இருப்பவர்களுக்கும் ஒன்று. 1990-களில் ஹார்வர்டில் ஆய்வு மாணவியாக இருந்த ஏமி எட்மண்ட்சன், மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவேட்டில் அங்கேதான் அதிகம் இருந்தது. காரணம், அந்த வார்டுகளில் நர்ஸ்கள் தவறை மறைக்காமல் சொன்னார்கள். மற்ற இடங்களில் பயந்து சொல்லவில்லை. உங்கள் லைனில் வாரக்கணக்கில் ஒரு புகாரும் வரவில்லை என்றால் நிம்மதியாக இருக்காதீர்கள், போய்ப் பாருங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நானும் பொறுப்பு. அளவு பார்க்கச் சொல்லிக்கொடுத்த நாங்கள், பார்த்ததை எடுத்துச் சொல்ல அந்தப் பையனுக்கு ஒரு நாள்கூடச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நேர்முகத் தேர்வில் ஒரு கேள்வியைச் சேர்த்தேன். “பெரியவங்க ஒருத்தருக்குப் பிடிக்காத செய்தியை நீங்க கடைசியா எப்போ சொன்னீங்க?” பலர் திகைப்பார்கள். ஒரு பெண் கொஞ்சம் யோசித்து, தன் தாத்தாவைப் பற்றிச் சொன்னார். மொபெட்டை விடவே மாட்டாராம். வீட்டில் எல்லோரும், “வயசாயிடுச்சு, ஓட்டாதீங்க” என்று சத்தம் போட்டுப் பார்த்தாயிற்று. இவர் யாரும் இல்லாத நேரத்தில் திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து, “தாத்தா, நேத்து கோயில் திருப்பத்துல எதிர்ல வந்த ஆட்டோவை நீங்க பார்க்கல. போன வாரமும் ஒரு தடவை. கண்ணைக் காட்டிட்டு வருவோமா?” என்றிருக்கிறார்.

கண்புரை இருந்ததாம். அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது பகலில் மட்டும் ஓட்டுகிறாராம்.